கத்திக்கு முந்தைய இரண்டு வருடம்

1849ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வீலிங் நகரத்தில் சைமன் ஹுல்லிஹென் என்ற அறுவை மருத்துவரிடம் இருபது வயது இளம்பெண் ஒருவர் வந்தார். ஐந்து வயதில் தீப்பட்டவர். கழுத்தும் முகத்தின் கீழ்ப்பகுதியும் வெந்து ஆறியிருந்தன. ஆறிய தழும்பு வருடத்துக்கு வருடம் இறுகி, மோவாயை மார்புப் பக்கம் இழுத்துக்கொண்டே வந்திருந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதி நீண்டு, கீழுதடு வெளியே பிதுங்கி, வாயை மூட முடியாத நிலை. எச்சிலைக்கூட அடக்க முடியவில்லை.

ஹுல்லிஹென் மூன்று கட்டமாக வேலை செய்தார். முதலில் கீழ்த்தாடையில் ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து, முன்பற்கள் இருந்த பகுதியைப் பின்னே நகர்த்தினார். பல்வரிசையை மெழுகில் அச்செடுத்து, அதற்குப் பொருந்தும்படி ஒரு வெள்ளித் தகடு செய்து பற்களின்மேல் மாட்டினார்; நகர்த்திய எலும்பை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள அந்தத் தகடு. அடுத்து கழுத்துத் தழும்பை அறுத்து விடுவித்து, அந்த இடத்தைப் பக்கத்துத் தோலால் மூடினார். கடைசியாக உதடு. கோணிய தாடையைத் திருத்துவதற்கென்றே செய்து பதிவான முதல் அறுவை சிகிச்சை என்று மருத்துவ வரலாறு இதைத்தான் குறிக்கிறது.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இன்னொரு ஆலை. அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்களின் எண்ணிக்கை மறுநாள் பத்திரிகையில் வந்துவிடுகிறது. பிழைத்தவர்களின் கழுத்தும் கையும் முகமும் அடுத்த பத்து வருடத்தில் என்ன ஆயின என்று யாரும் எழுதுவதில்லை. தாடை அறுவை சிகிச்சைக்கு ஒரு நோயாளி எப்படித் தயாராக வேண்டும் என்பதை இந்த விருதுநகர் மாவட்டத்தில் பேசத் தொடங்கினால், அது தீக்காய வார்டில்தான் தொடங்கும்.

அங்கே முதல் வேலை தலையணையை எடுப்பது. கழுத்து வெந்தவர் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டால் வலி குறைவாக இருக்கும். ஆனால் அந்த நிலையிலேயே தோல் ஆறினால் மோவாய் மார்போடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நர்ஸ் தலையணையை உருவிவிட்டு, தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, கழுத்து பின்னால் நிமிர்ந்திருக்கும்படி படுக்க வைக்கிறார். பார்க்கிற சொந்தக்காரர்களுக்குக் கல்நெஞ்சம் போலத் தோன்றும். ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் தலையணையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். வைக்கக் கூடாது. குழந்தை என்றால் இது இரட்டிப்பு முக்கியம். வளர்கிற எலும்பு தன்மேல் விழும் இழுப்புக்கு ஏற்ப வளைந்துவிடும். தழும்பு தோலில் இருந்தாலும் கோணல் தாடையில் வந்து சேரும். தோல் ஒட்டு வைத்த பிறகு பல மாதம் கழுத்துப் பட்டையும் அழுத்த உடையும் போட்டிருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வெயில் கொளுத்தும் விருதுநகரில் அதைப் போட்டிருப்பது லேசான காரியமில்லை. ஆனால் பின்னால் ஒரு அறுவை சிகிச்சையைத் தவிர்க்கக் கூடியதும், தவிர்க்க முடியாமல் போனால் அதைச் சுலபமாக்கக் கூடியதும் அந்தப் பட்டைதான்.

சிவகாசியின் இன்னொரு தொழிலான தீப்பெட்டிக்கும் தாடைக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசினார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சி. அதன் ஆவியைச் சுவாசித்தபடி வேலை செய்தவர்களுக்குப் பல்வலி வரும், ஈறு வீங்கும், சீழ் வடியும், கடைசியில் தாடை எலும்பே செத்துப்போகும். 1845இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் இதை முதலில் எழுதிப் பதிவு செய்தார். 1850களில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ரஷ்மோர் வுட் என்ற அறுவை மருத்துவர், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினாறு வயதுப் பெண்ணின் கீழ்த்தாடை முழுவதையுமே எடுக்க வேண்டியிருந்தது. 1888இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய குறைகளில் இந்த நோயும் ஒன்று.

1906இல் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, சிவகாசி திரும்பி 1923இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பத்து வருட இடைவெளிதான். சட்டம் முந்திக்கொண்டதால், ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று இந்த ஊர் சொல்லும் இடத்துக்கு அந்த நோய் வந்து சேரவில்லை. குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்க, பாஸ்பரஸ் தன் ஆபத்தில்லாத சிவப்பு வடிவில் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தொழில் வேறு பல துயரங்களைத் தந்தது. குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தந்தது. ஆனால் இந்த ஒரு துயரத்தை மட்டும் ஒரு சட்டம் வாசலிலேயே நிறுத்தியது. தொழில் நோய்களைப் பற்றிப் பேசும்போது இதை இன்னும் அதிகமாக நினைவுகூர வேண்டும்.

அந்தக் காலத்து ஆலை மருத்துவர்கள் கண்டுகொண்ட ஒன்று இன்றைக்கும் செல்லும். பாஸ்பரஸ் பெரும்பாலும் சொத்தைப் பல் வழியாகத்தான் தாடைக்குள் இறங்கியது. அதனால் சொத்தைப் பல் உள்ளவரை வேலைக்குச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். இன்று தாடையைத் திருத்த வருகிறவருக்கும் முதலில் பார்ப்பது பல்லும் ஈறும்தான். சொத்தையை அடைக்க வேண்டும். ஈறு வீக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். கீழ்த்தாடையை வெட்டப் போகும் கோட்டில் ஞானப் பல் புதைந்து கிடந்தால், பல மருத்துவர்கள் ஆறு மாதம் முன்பே அதைப் பிடுங்கிவிடுவார்கள். பல் இருந்த குழி எலும்பால் நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும்.

தாடை அறுவைக்கு வருகிறவர்களில் தீப்பட்டவர்கள் சிறு பங்குதான். பெரும்பாலோர் பிறவியிலோ வளர்ச்சியிலோ மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒத்துப்போகாதவர்கள். கீழ்த்தாடை முன்னே துருத்தியவர், உள்ளே அடங்கியவர், சிரித்தால் ஈறு முழுக்கத் தெரிகிறவர், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாததால் புரோட்டாவைக் கடித்து இழுக்க முடியாதவர். குழந்தையாக இருந்தபோது மோவாய் அடிபட விழுந்து, காதுப் பக்க மூட்டு இறுகி, தாடை வளராமலே நின்றுபோனவர்களும் உண்டு. நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, உடைந்த தாடை கோணலாகக் கூடிப்போனவர்களும் உண்டு.

இவர்களில் யாராக இருந்தாலும் முதல் கேள்வி வளர்ச்சி நின்றுவிட்டதா என்பதுதான். பெண்களுக்கு ஏறக்குறைய பதினாறு வயதிலும் ஆண்களுக்குப் பதினெட்டை ஒட்டியும் தாடை வளர்ச்சி அடங்கும். துருத்திய கீழ்த்தாடை அதற்குப் பின்னும் மெல்ல வளரலாம். ஆறு மாத இடைவெளியில் தலையைப் பக்கவாட்டில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். கோடுகள் ஒத்துப்போனால் வளர்ச்சி நின்றுவிட்டது. இதற்குள் அவசரப்பட்டால், திருத்திய தாடை திரும்ப வளர்ந்து பழைய கோணலுக்குப் போய்விடும். நம் வீடுகளில் அவசரம் பெரும்பாலும் கல்யாணத் தேதியிலிருந்து வருகிறது. முகூர்த்த நாளை வைத்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதை எந்த நல்ல மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டாரும் அவரை நெருக்கக் கூடாது.

அடுத்து வருவது பல்லுக்குக் கம்பி போடும் காலம். பெரும்பாலும் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். நோயாளிக்கு மிகக் கடினமான காலம் இதுதான். ஆனால் இதைப் பற்றி முன்கூட்டியே சொல்கிறவர்கள் குறைவு. தாடை கோணியிருக்கும்போது பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் கோணலை மறைக்கப் பார்க்கும். கீழ்த்தாடை துருத்தியவருக்குக் கீழ்ப்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்தும் மேல்பற்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தும், இரண்டு வரிசையும் எப்படியோ எட்டித் தொட்டுக்கொண்டிருக்கும். கம்பி இந்தச் சாய்வை நிமிர்த்துகிறது. ஒவ்வொரு பல்லும் தன் எலும்பின்மேல் நேராக நிற்க நிற்க, இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரிதாகத் தெரியும். மெல்லுவது முன்பைவிடச் சிரமமாகும். முகம் முன்பைவிடக் கோணலாகத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் “கம்பி போட்டதும் இன்னும் மோசமாயிடுச்சே” என்பார். அவர் பார்த்தது சரிதான். எலும்பை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமோ அவ்வளவையும் பற்கள் மறைக்காமல் காட்டும்போதுதான், அறுவை மருத்துவரால் அதை முழுதாக நகர்த்த முடியும். இடையில் மனம் தளர்ந்து கம்பியைக் கழற்றிவிடுகிறவர்களுக்கு, பழைய கோணலோடு புதிய இடைவெளியும் சேர்ந்து நிற்கும்படி ஆகிவிடுகிறது. சில மையங்களில் அறுவையை முதலில் செய்துவிட்டுக் கம்பியைப் பிறகு போடுகிறார்கள். ஜப்பான், கொரியா, தைவான் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

கம்பி வேலை முடிந்ததும் எலும்பை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை ‘வெட்டிப்’ பார்ப்பார்கள். ஸ்கேன் படத்தைக் கணினியில் ஏற்றி, தாடையை அங்கே நகர்த்தி, இரண்டு வரிசைப் பற்களும் சேர வேண்டிய இடத்தை முடிவு செய்கிறார்கள். அந்த இடத்துக்கு அளவாக முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் தகடு ஒன்று தயாராகிறது. உள்ளங்கையில் அடங்கும் குதிரைலாட வடிவத் தகடு. மேல்பக்கத்தில் மேல்பற்களின் குழிகள், கீழ்ப்பக்கத்தில் கீழ்ப்பற்களின் குழிகள். அறுவை அறையில் மருத்துவர் வெட்டிய எலும்பை இந்தக் குழிகளுக்குள் பற்கள் பதியும்வரை நகர்த்திவிட்டு, டைட்டானியத் தகடும் திருகும் வைத்து இறுக்குவார். ஹுல்லிஹென் மெழுகில் அச்செடுத்துச் செய்த வெள்ளித் தகட்டின் பேரக்குழந்தை இது.

வெட்டும் விதம்தான் வெகுவாக மாறிவிட்டது. சூரிச்சில் வேலை செய்த ஹ்யூகோ ஓப்வெகெசெர் 1950களில் கீழ்த்தாடையின் பின்பகுதியைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் இரு அடுக்காகப் பிளந்தார். ஒரு அடுக்கு மற்றொன்றின்மேல் சறுக்கி முன்னேயோ பின்னேயோ போகும். இரண்டும் அகலமாக ஒட்டியிருப்பதால் எலும்பு நன்றாகக் கூடும். வேலை முழுக்க வாய்க்குள்ளேயே முடிவதால் முகத்தில் தழும்பு இல்லை. மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு ரெனே லெ ஃபோர் பெயர். 1901இல் பிணங்களின் தலையில் அடி கொடுத்து, முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் அவர்.

ஓப்வெகெசெர் வெட்டும் இடத்தில் எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்ச்சி தருவது அது. அறுவைக்குப் பிறகு அந்த இடம் மரத்துப்போவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகித் திரும்பும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு என்பதால் சிரிப்பு கோணாது. ஆனால் டீ சுடுகிறதா என்று உதட்டுக்குத் தெரியாது. மோவாயில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருப்பதும் தெரியாது. கையெழுத்துப் போடுமுன் நோயாளி இதை மருத்துவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது நோயாளியின் உரிமை. கேட்காமலே சொல்வது மருத்துவரின் கடமை.

பிறகு ரத்தம். தாடையில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அறுவையின்போது இழப்பும் உண்டு. மயக்க மருந்து நிபுணர் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்து அதைக் குறைக்கிறார். ஆனால் நோயாளி ஏற்கெனவே சோகையோடு வந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக்குத் திரி வைத்தும் குடும்பம் நடத்துகிற பெண்கள் கம்பி போட்ட காலத்திலேயே ஹீமோகுளோபினைப் பார்த்து, குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மாத்திரை பலன் தர மாதக்கணக்கில் ஆகும். அறுவைக்கு முந்தைய வாரம் தொடங்கினால் பயனில்லை.

சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின் முதல் நாட்டு மருந்துக் கடை லேகியம் வரை. எலும்புத் தேய்வுக்குப் போட்ட ஊசியைச் சொல்ல மறக்கவே கூடாது. பிஸ்பாஸ்பனேட் வகை மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பைச் சாகடிக்கின்றன என்று 2003இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் எழுதினார். அந்த நோயாளிகளின் தாடை பழைய தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடையை அப்படியே நினைவூட்டியது. பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் வாரக்கணக்கில் முன்பே விட வேண்டும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும்.

மயக்கத்தில் மூச்சு விடுவதற்கான செயற்கைக் குழாய் இந்த அறுவையில் மூக்கு வழியாகப் போகிறது, வாயில் பற்கள் சேருகின்றனவா என்று பார்க்க இடம் வேண்டுமே. கழுத்துத் தழும்பு உள்ளவருக்கு இதுதான் பெரிய சவால். தலை பின்னால் சாயாது, வாயும் அதிகம் திறக்காது. அப்படிப்பட்டவருக்கு விழித்திருக்கும்போதே, இடத்தை மட்டும் மரக்கவைத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயின் துணையோடு அந்தச் செயற்கைக் குழாயைச் செலுத்துவார்கள். அதனால்தான் பெரும்பாலும் கழுத்தை முதலில் விடுவித்து, தோல் ஒட்டு நன்றாகப் படிந்த பிறகே தாடைக்கு வருகிறார்கள். இழுக்கும் தழும்பை அப்படியே விட்டுவிட்டுத் தாடையை மட்டும் நகர்த்தினால், தழும்பு அதைத் திரும்ப இழுக்கப் பார்க்கும். மயக்க மருந்து நிபுணரை அறுவைக்கு முந்தைய நாள் ராத்திரி முதன்முதலாகச் சந்திக்கும் நிலை இவர்களுக்கு வரக் கூடாது.

வீட்டில் தயாராக வேண்டியது சமையலறை. முன்பெல்லாம் இரு தாடையையும் ஆறு வாரம் கம்பியால் கட்டிவிடுவார்கள். இப்போது உள்ளே தகடு இருப்பதால் வெளியே ரப்பர் வளையங்கள் போதும். ஆனாலும் முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த ஒரு மாதம் மெல்லத் தேவையில்லாத உணவு. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவும் சாத்தூர் சேவும் இந்தக் காலத்துக்கு இல்லை. இந்த வட்டாரத்துச் சமையலில் இதற்குப் பொருத்தமானதும் நிறைய இருக்கிறது. மோரில் கரைத்து வடிகட்டிய கம்மங்கூழ், கேழ்வரகுக் கஞ்சி, பாசிப்பருப்பை வேகவைத்து அரைத்த தண்ணீர், எலும்பு சூப், ஆறிய பாலில் கரைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. முதல் நாட்களில் இதையெல்லாம் ஐம்பது மில்லி சிரிஞ்சில் எடுத்து, முனையில் மாட்டிய ரப்பர் குழாயைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விட்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக மெதுவாக அழுத்த வேண்டும். பற்கள் மூடியிருந்தாலும் அந்தச் சந்து வழியாக உள்ளே போகும். இதை வெறும் தண்ணீரில், அறுவைக்கு முன்பே, கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்வது நல்லது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் அந்த மூன்றாம் நாளில் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாடு. எடை சில கிலோ குறையும் என்பதால் மெலிந்தவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் தேற வேண்டும்.

ஆறு வாரம் வரை வேலைக்குப் போக முடியாது என்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு மருத்துவச் செலவைவிடப் பெரிய சுமை. இ.எஸ்.ஐ.யில் பெயர் உள்ளவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவி உண்டு, சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவருக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவருக்கும் அந்தச் சீட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவை அடங்கும் என்பதைக் கம்பி போடுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். நாளைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்கள் வசதி. கூலி இழப்பு குறையும், வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும்.

வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று கேட்கும்போது, என்ன வேலை என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவர் மூன்றாம் வாரமே போய்விடலாம். பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் இருப்பவர் அப்படிப் போகக் கூடாது. அங்கே புகையைக் கண்டவர் உடனே கூச்சலிட்டுப் பக்கத்து அறையில் இருப்பவர்களை ஓட வைக்க வேண்டும். ரப்பர் வளையம் மாட்டிய வாயால் அது முடியாது. வளையங்களைக் கழற்றி, தன் மூன்று விரலைச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைக்கும் அளவு வாய் திறக்கிற வரை, அந்த அறைக்குப் பதிலாக வேறு வேலை தரும்படி போர்மேனிடம் மருத்துவரின் சீட்டோடு கேட்பதுதான் சரி.